ஜெல்லிமீன் குடையில் ஓட்டை ஏன்?

கேள்வி: வட்டத் தொட்டியில் மூன்று நிலா ஜெல்லிமீன்கள் வளர்க்கிறோம். ஒன்றின் குடையில் (குடை போன்ற உடலில்) ஓட்டை விழுந்துவிட்டது. பிழைக்குமா?

பதில்: அநேகமாகப் பிழைக்கும், கவலை வேண்டாம். பெரும்பாலும் காற்றுக்குமிழிதான் காரணம். குடைக்குள் சிக்கும் குமிழி மேலே ஏறப் பார்த்து, சதையைத் துளைத்துவிடும். தொட்டிக்குள் காற்றுக்கல் (குமிழி விடும் கல்) இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பம்பு காற்றை இழுக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே குமிழி தெரிந்தால் ஜெல்லிமீனை வெளியே தூக்காதீர்கள். நீருக்குள்ளேயே மெல்லச் சாய்த்தால் குமிழி வெளியேறும்.

நீர் சுத்தமாக இருந்தால் சிறு ஓட்டை தானாக ஆறும். நீரின் உப்பளவை அறிய உதவும் ஹைட்ரோமீட்டரில் 1.024 முதல் 1.026 வரை காட்ட வேண்டும். அம்மோனியா அறவே கூடாது. வாரந்தோறும் 10 முதல் 20 சதவீதம் நீரை மாற்றுங்கள். புது நீரின் உப்பும் வெப்பமும் பழையதோடு ஒத்திருக்கட்டும். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியாவை (மிகச் சிறிய உப்புநீர் இறாலை) காலை, மாலை கொடுங்கள். வயிறு ஆரஞ்சு நிறமானால் போதும். மிஞ்சிய தீனியை உடனே உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.