கடைசி நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஜப்பான் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்தேன். கனஸாவா மழையோடு தொடர் நின்றுவிட்டது. எப்படித் திரும்பி வந்தீர்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஐந்தரை மாதம் இருந்துவிட்டுச் சென்ற மாதம்தான் ஊர் திரும்பினேன். கடைசி நாள் முழுவதும் பெட்டியை எடை பார்ப்பதிலேயே போயிற்று. பேத்தியோடு சரியாகப் பேசக்கூட இல்லை. எப்போது வீடு போய்ச் சேர்வோம் என்று தவித்தவளுக்கு, வந்து கதவைத் திறந்ததும் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டதுபோல இருந்தது. பத்து நாள் அப்படியே இருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

க.,
ஸ்ரீரங்கம்

அன்புள்ள க. அவர்களுக்கு,

கடைசி நாளை நான் மறந்துபோய் விடவில்லை. அதில் எழுத ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பயணம் முடிகிற நாளில் நம் கண் கணக்குப்பிள்ளையின் கண்ணாகிவிடுகிறது. எதைப் பார்த்தாலும் அதற்கு இன்னும் எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம் என்றுதான் பார்க்கிறது. முன்பு ஒரு பயணத்தின் கடைசி நாளில் இரண்டு அருங்காட்சியகங்களைப் பார்த்துவிடத் துணிந்து, கைக்கடிகாரத்தை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அந்தப் பாடத்தினால்தான் இம்முறை முந்தைய நாளே டோக்கியோவைவிட்டுக் கிளம்பி, விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நரிதா என்ற ஊரில் தங்கினேன். விமானம் மறுநாள் மாலை.

நரிதா என்றால் நமக்கு விமான நிலையம். ஜப்பானியர்களுக்கு அது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கோயில். ரயிலடியிலிருந்து இறங்கி வளைந்து செல்லும் கடைத்தெருவில், வாசலிலேயே பலகை போட்டு விலாங்குமீனின் முதுகைக் கீறிக்கொண்டிருப்பவர்களைத் தாண்டிப் போனால் ஷின்ஷோஜி வருகிறது. 940ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தக் கோயிலின் மூர்த்தி ஃபுதோ மியோ. வலது கையில் வாள், இடது கையில் பாசக்கயிறு, முதுகுக்குப் பின்னே தீ. சமஸ்கிருதத்தில் இவர் பெயர் அசலன், அசையாதவன். கிழக்கே நடந்த ஒரு கலகத்தை அடக்கும் வேண்டுதலுக்காகக் கியோட்டோவிலிருந்து இந்தச் சிலையைக் கொண்டுவந்தார்களாம். கலகம் அடங்கியபின் திரும்ப எடுத்துச்செல்ல முயன்றபோது சிலை இடத்தைவிட்டு நகரவில்லையாம். விபீஷணன் கீழே வைத்த ரங்கவிமானத்தின் நிழலில் வாழும் உங்களுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்ப மறுத்த ஒரு தெய்வத்தின் முன்னால், ஊருக்குத் திரும்புகிற நாளில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே தினமும் பலமுறை தீ வளர்த்துச் செய்யும் சடங்குக்குப் பெயர் கோமா. நம் ஹோமம்தான், சீனா வழியாகச் சென்றது. பெரிய முரசு அதிரத் தொடங்கியதும் விறகுக் குச்சிகளில் தீ எழுந்தது. முடியும் தறுவாயில் மக்கள் வரிசையாகப் போய்த் தங்கள் கைப்பைகளை ஒரு துறவியிடம் கொடுத்தார்கள். அவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தீயின் பக்கம் ஒரு கணம் நீட்டித் திருப்பித் தந்தார். நானும் நீட்டினேன். கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் இருந்த பை. கைக்குத் திரும்பியபோது அதன் அடிப்பக்கம் இளஞ்சூடாக இருந்தது. முப்பத்தெட்டு நாட்களில் என்னிடமிருந்த எதையும் அந்த நாடு அவ்வளவு நேராகத் தொட்டதில்லை.

நகர மறுத்தவர்கள் அந்த வட்டாரத்தில் வேறு சிலரும் உண்டு. 1966இல் அரசு உழவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுடைய நிலத்தில் விமான நிலையம் என்று அறிவித்தது. போராட்டம் உயிர்ப்பலிகளோடு நீண்டது. 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கினார்கள். திறப்பு மே மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டாவது ஓடுபாதை வருவதற்கு 2002 ஆயிற்று. அப்போதும் விற்க மறுத்தவர்களின் நிலத்தை ஒதுக்கிவிட்டுத்தான் அமைக்க முடிந்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்துப் போராடிய ஏகனாபுரத்தின் செய்திகளை வாசிக்கும் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. விமானம் ஊர்ந்துபோகையில் சன்னலில் நெற்றியை ஒட்டி அந்தக் காய்கறி வயல்களைத் தேடினேன். இருட்டிவிட்டிருந்தது, நீல விளக்குகள் மட்டும் தெரிந்தன.

இனி உங்கள் கேள்வி. உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல அது. அந்தப் பத்து நாளில் பாதிக்குமேல் உங்கள் உடலின் கணக்கு. நியூஜெர்சி கடிகாரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கிழக்கு நோக்கிப் பறந்து வந்தவருக்கு உடல் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்துகொள்ளத் தோராயமாக ஒரு நாள் கேட்கும். எனக்கு வித்தியாசம் மூன்றரை மணிதான், அதுவும் மேற்கு நோக்கி. ஆனாலும் நான்கைந்து நாட்கள் அதிகாலை இரண்டரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து குழாயைத் திறந்தால் முதலில் காற்று சீறியது, பிறகு பழுப்பு நீர் வந்தது. இருபது ஆண்டுகளாக வாழும் வீட்டில் நாலரை மணிக்குப் பால் டப்பாக்களை இறக்கும் ஓசையை அந்த வாரம்தான் முதன்முறையாகக் கேட்டேன்.

மீதிப் பாதிக்கு நீங்கள் குற்றவுணர்வு கொள்ள ஏதுமில்லை. வெளியூரில் எல்லாவற்றையும் கூர்ந்து பார்க்கப் பழகிய கண், கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த உடனே பழையபடி ஆகிவிடுவதில்லை. அது சில நாட்கள் நம் வீட்டையும் அயல்நாடாகவே பார்க்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது, ஆறாம் நாள் அது போய்விட்டபோது வருத்தமாகக்கூட இருந்தது. பேத்தியோடு பேசாமல் வந்ததற்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை. அவளுக்கு மாலை ஆறு மணி ஆகும்போது நீங்கள் விழித்திருந்த அந்த அதிகாலைகளில் கூப்பிட்டிருக்கலாம், இப்போதும் கூப்பிடலாம்.

தங்கை வீட்டிலிருந்து அம்மா வந்த அன்று, என் சட்டைப்பையில் தங்கிவிட்ட ஐந்து யென் நாணயம் ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். நடுவில் துளை, துளையைச் சுற்றிப் பல்சக்கரம், ஒரு நெற்கதிர். அதன் பெயரான ‘கோ-என்’ என்ற ஒலிக்குப் பந்தம் என்றும் பொருள் வருவதால் கோயில் உண்டியலில் இதைத்தான் போடுவார்கள் என்று விளக்கத் தொடங்கினேன். அம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. துளை வழியாக சன்னலைப் பார்த்துவிட்டு, “நம்ம ஓட்டைக் காலணாடா இது, எங்கப்பா பள்ளிக்கூடம் போறப்ப குடுப்பார்” என்று சொல்லி வெற்றிலைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை.