லாபம் இருக்கிறது, சனிக்கிழமை பணம் இல்லை

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் 20 மெஷின் வைத்து ஜாப் ஒர்க்கில், அதாவது கம்பெனி தரும் துணியில் கூலிக்கு, பனியன் தைத்துக் கொடுக்கிறேன். மாதம் 6 லட்சம் பில். வட்டியைச் சேர்க்காமல், செலவு போக 60 ஆயிரம் நிற்கும். கம்பெனியிடமிருந்து பணம் வர 75 நாள் ஆகிறது. சனிக்கிழமை சம்பளத்துக்காக மூன்று வட்டிக்கு வாங்கியது 5 லட்சமாகிவிட்டது. அதே கம்பெனி இன்னும் 10 மெஷினுக்கு வேலை தருகிறேன் என்கிறது. மெஷின் போடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போது வேண்டாம். 75 நாள் கணக்கில் உங்கள் பணம் 15 லட்சம் எப்போதும் வெளியே நிற்கிறது. 30 மெஷின் ஓடினால் பில் 9 லட்சம், வெளியே நிற்பது 22.5 லட்சம். கூடும் 7.5 லட்சத்தில் லாபத்தைக் கழித்தாலும், மெஷின் விலையைச் சேர்க்காமலே 6.75 லட்சம் கைக்காசு வேண்டும். அதையும் மூன்று வட்டிக்கு எடுத்தால் மொத்த வட்டி மாதம் 35,250. லாபம் 90 ஆயிரமானாலும் கையில் நிற்பது 54,750. இன்று நிற்பது 45 ஆயிரம். வேலை ஒன்றரை மடங்கு, கூடுதல் வரவு 9,750 ரூபாய். மெஷின் தவணையையும் அதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

முதலில் 75 நாளைக் குறையுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக பில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். 3-ம் தேதி போன சரக்குக்கு 30-ம் தேதி பில் என்றால் 27 நாள் நீங்களே தானம் செய்கிறீர்கள். லாட் போன அன்றே பில் போடுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பின்னால் நிற்கப்போவது அந்தத் தாள்தான்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள். கட்டணம் கிடையாது, இடைத்தரகர் தேவையில்லை. எண்ணை பில்லில் அச்சிடுங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் கம்பெனி பணம் தரும் கெடு 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. இல்லாவிட்டால் 15 நாள். தையல் குறை என்றால் சரக்கு வந்த 15 நாளுக்குள் கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். குறை சொல்லி பில் தொகையைக் கழிக்க இரண்டு மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டை மறுக்க இது போதும். கெடு தாண்டிய பாக்கியை, கொடுக்கும் ஆண்டில்தான் கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். இது 2023-24 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. அதனால் மார்ச்சில் நிதியாண்டு முடியும் முன், பிப்ரவரியிலேயே பாக்கிப் பட்டியலை அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்புங்கள். பாக்கி வராவிட்டால் அரசின் இணையதளத்தில் புகார் செய்யும் வழியும் உண்டு; உறவு முறியும், கடைசிக்கு வையுங்கள்.

மூன்று வட்டியை வங்கிக் கடனாக மாற்றுங்கள். சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாக, அதாவது அன்றாடச் செலவுக்கான கடனாக, கணக்கிடும் முறை வங்கிகளில் உண்டு. உங்கள் 72 லட்சத்துக்கு அது 14.4 லட்சம். ஜிஎஸ்டி ரிட்டர்னும் வங்கி வரவும் ஒத்துப்போகாவிட்டால் இந்தக் கதவு திறக்காது. 90 நாள் தாண்டிய பாக்கியைப் பொதுவாகக் கடன் கணக்கில் சேர்க்கவும் மாட்டார்கள்.

பில் 45 நாளில் வரத் தொடங்கினால் வெளியே நிற்பது 9 லட்சமாக இறங்கும். திரும்பும் 6 லட்சத்தில் முதலில் மூன்று வட்டிக் கடனை அடையுங்கள். அதற்கு முன்பே கம்பெனி அவசரப்படுத்தினால், புது வேலைக்கு வாரச் சம்பளத்தை அட்வான்ஸாகக் கேளுங்கள். கொடுத்தால் ஐந்து மெஷினோடு ஆரம்பிக்கலாம்.