பெயின்ட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்த்தீங்களா? (கேள்வி-பதில்)

கேள்வி: 85 மாடல் டாடா 1210 லாரி வாங்கிட்டேன் அண்ணே. மாந்தோப்பு வழியில திரும்ப மாட்டேங்குது, சேஸிஸ்ல, அதான் வண்டியோட அடிச்சட்டத்துல, மூணு அடி அறுத்து பத்த வெச்சு சின்னதாக்கிடலாம்னு இருக்கேன். வெல்டிங் தெரியாது, மெஷின் ஆர்டர் போட்டாச்சு, வீடியோ பார்த்து கத்துக்கறேன். எந்த கிரைண்டர் வாங்கலாம்? – பாலக்கோடு

பதில்: கிரைண்டர் வாங்காதீங்க தம்பி. மெஷினையும் திருப்பி அனுப்ப முடிஞ்சா அனுப்பிடுங்க.

லாரி சேஸிஸ் வீட்டு கேட் கிடையாது. அது சி சேனல், 'C' எழுத்து மாதிரி வளைச்ச இரும்பு, லோடு ஏறினா மேல் விளிம்பு அமுங்கும் கீழ் விளிம்பு இழுபடும், அந்த ரெண்டு விளிம்புலதான் பெரும் பாரம் நிக்குது, நடுப்பலகைல கம்மி. நீங்க நேரா குறுக்கால அறுத்து நேரா ஒரு கோடு வெல்டு போட்டீங்கன்னா மொத்த பாரமும் அந்த ஒரு கோட்டுல வந்து உக்காரும். வெல்டு பார்க்க அழகா இருக்கும், ஆனா சூடு பட்ட பக்கத்து இரும்புதான் வெடிக்கும், அதுவும் இன்னைக்கு இல்ல, ஆறு மாசம் கழிச்சு லோடோட குழில விழும்போது. புதுசா கத்துக்கறவங்க வெல்டுல மேல மட்டும் ஒட்டியிருக்கும், உள்ள இறங்கியிருக்காது, வெளிய இருந்து பார்த்தா தெரியாது. அந்த வீடியோல வண்டி ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்குன்னு யாராவது காட்டறாங்களா?

சட்டமும் இருக்கு. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம், ஆர்சி புக்ல இருக்கற விவரம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அளவை நாமளா மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொல்லிடுச்சு. மீறினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட வரலாம். இவ்வளவு பழைய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று) வேற காட்டணும், ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல தேடறதே இதைத்தான். தோப்புக்கு சின்ன வண்டிதான் வேணும்னா 1210-ஐ வித்துட்டு டாடாவோட சின்ன லாரி 407 ஒண்ணு பாருங்க. வெல்டிங் ஆசை இருந்தா ஐடிஐ-ல வெல்டர் டிரேடு ஒரு வருஷம்தான். பழைய இரும்புத் துண்டுல பழகுங்க, ஆளுங்க உயிர் மேல பழகாதீங்க.

கேள்வி: பழைய வண்டி விக்கற கன்சல்டிங்ல ரசீதோட ஜீப் வாங்கினேன், சேஸிஸ் சூப்பர்னு சொன்னாங்க. வாட்டர் வாஷ் பண்ணினப்போ கருப்பு பெயின்ட் உரிஞ்சு உள்ள பட்டி, அதுக்குக் கீழ நீளமா விரிசல். பணம் திரும்ப கிடைக்குமா? – கிருஷ்ணகிரி

பதில்: உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. 2009-ல நானும் இதே மாதிரி பளபளன்னு கருப்பு அடிச்ச ஜீப் ஒண்ணு வாங்கினேன், அடியில குனிஞ்சு பார்க்கல, தொப்பூர் கணவாய் இறங்கும்போது பின்பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கற ஹேங்கர் சேஸிஸோட பிய்ஞ்சு தொங்குச்சு, வண்டில என் பொண்ணும் இருந்தா. இன்னைக்கும் அந்த இறக்கத்துல என் கை தானா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும். விரிசலை மறைச்சு பெயின்ட் அடிச்சு விக்கறதை என்னால வியாபாரம்னு சொல்ல முடியல.

வண்டியை ஓட்டாதீங்க, விரிசலை வெல்டு வெச்சு அடைக்கவும் வேண்டாம், விரிசல்தான் உங்க சாட்சி. போட்டோ வீடியோ எடுத்து, ஒரு மெக்கானிக்கிட்ட எழுத்துல ரிப்போர்ட் வாங்கி, விற்றவங்களுக்கு பதிவுத் தபால்ல நோட்டீஸ் அனுப்புங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கும் போன் போடுங்க. அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், அஞ்சு லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கின பொருளுக்கு ஃபீஸ் கிடையாது. விடாதீங்க.

கேள்வி: பட்டறைல 60,000 அட்வான்ஸ் கொடுத்தேன், பில் வாங்கல, என்ன வேலைன்னும் எழுதல. மூணு மாசமா வண்டி அப்படியே நிக்குது. – காரிமங்கலம்

பதில்: அறுபதாயிரத்தை சும்மா கையில கொடுத்துட்டு வந்தா நான் என்ன சொல்றது. ஜிபே-ல அனுப்பியிருந்தா அதுதான் இப்ப உங்க பில், வாட்ஸ்அப்ல பேசினதை அழிக்காதீங்க, இன்னைக்கே தேதி போட்டு எழுத்துல கேளுங்க. அடுத்த தடவை காகிதம் இல்லாம ஒரு ரூபா கொடுக்காதீங்க.

கேள்வி: பழைய வண்டி வாங்கப் போறேன், சேஸிஸை எப்படி பார்க்கறது? – ஓசூர்

பதில்: ஒரு காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டேப், பகல் வெளிச்சம். பட்டி இருக்கற இடத்துல காந்தம் பிடிக்காது. துருவை ஸ்க்ரூடிரைவரால குத்துங்க. மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு பக்கமும் அளங்க, அளவு ஒத்துவரலன்னா சேஸிஸ் கோணியிருக்கு. சேஸிஸ் நம்பர் பஞ்ச் அடிச்ச இடத்துல கிரைண்டர் பட்ட தடம் இருந்தா பேசாம திரும்பி வந்துடுங்க. புதுசா கருப்பு அடிச்ச அடிப்பாகம்னா எனக்கு உடனே சந்தேகம் வரும், உங்களுக்கும் வரட்டும்.

கேள்வி: வெல்டிங்குக்கு கூலிங் கிளாஸ் போதுமா? – அரூர்

பதில்: போதாது. 10 அல்லது 11-ம் நம்பர் கண்ணாடி வெச்ச ஹெல்மெட் வாங்கற வரைக்கும் மெஷினைத் தொடாதீங்க. ஏற்கனவே வெல்டிங் வெளிச்சம் கண்ணுல அடிச்சு ராத்திரி கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுன்னா, காலைல முதல் வேலையா கண் டாக்டரைப் பாருங்க.