காரின் வேகம்: பவர், எடை, காற்று பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு காரிலும் 120 ஹெச்பி (குதிரைத்திறன்) எஞ்சின்தான். ஒன்று மட்டும் சிட்டாகக் கிளம்புகிறது. ஏன் சார்?

பதில்: இரண்டின் எடையையும் பாருங்கள். 1,000 கிலோ காரில் அந்த எஞ்சின் இருந்தால் டன்னுக்கு 120 ஹெச்பி. 1,500 கிலோ காரில் டன்னுக்கு 80தான். பிக்கப்பைப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் ஹெச்பியை மட்டும் நம்பிக் கார் வாங்காதீர்கள். எடை குறைந்தால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் டயருக்குச் சுமை குறையும். எஞ்சினைப் பெரிதாக்கினால் இந்த லாபம் வராது.

கேள்வி: அப்போ எடையைக் குறைத்தால் டாப் ஸ்பீடும் கூடுமா அண்ணா?

பதில்: சமதளச் சாலையில் பெரிதாகக் கூடாது தம்பி. அங்கே மல்லுக்கட்டுவது காற்றோடு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அந்தத் தடையை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால், தேவைப்படும் பவர் எட்டு மடங்கு!

சாதாரண செடான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தடைக் கெழு (காரின் வடிவம் காற்றில் எவ்வளவு தடைபடுகிறது என்பதன் அளவு) 0.30, முன்பரப்பு (நேர் முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு) 2.2 சதுர மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ள மட்டும் 11, 12 ஹெச்பி போதும். 200 கி.மீ.யில் 90க்கு மேல் வேண்டும். டயர் உராய்வுக்கு ஆகும் பவர் தனி.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி புகாட்டி வேரான் என்ற அதிவேகக் கார். 2005இல் 1,001 குதிரைத்திறனோடு மணிக்கு 408 கி.மீ. தொட்டது. 2010இல் வந்த சூப்பர் ஸ்போர்ட்டுக்கு 1,200 குதிரைத்திறன். அது எட்டியது 431 கி.மீ. பவர் 20 சதவீதம் கூடியும் வேகம் 6 சதவீதம்கூட ஏறவில்லை.

கேள்வி: டார்க் முக்கியமா, பவர் முக்கியமா?

பதில்: டார்க் என்பது எஞ்சினின் சுழற்றும் திறன். அதை எஞ்சின் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் வருவதுதான் பவர். கியர் டார்க்கைக் கூட்டித் தரும், பவரைக் கூட்டாது. குறைந்த ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) நல்ல டார்க் கிடைத்தால் அடிக்கடி கியர் மாற்றாமல் நிம்மதியாக ஓட்டலாம்.

கேள்வி: பின்னால் பெரிய விங் மாட்டினால் வேகம் கூடுமா சார்?

பதில்: நேர்ச்சாலையில் குறையத்தான் செய்யும். காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதை அலட்சியமாக நினைக்கவும் கூடாது. முதல் தலைமுறை ஆடி டிடியில் அதிவேகத்தில் பின்பக்கம் லேசாகி, விபத்துகள் நடந்தன. பிறகு நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஸ்பாய்லர் (சிறிய விங் போன்றது) பொருத்தியது. கார் சறுக்காமல் காக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது.

கேள்வி: மைலேஜை அதிகம் குறைப்பது எடையா, காற்றா?

பதில்: நின்று நின்று போகும் நகரப் பயணத்தில் எடை. ஒவ்வொரு முறையும் அந்த எடையைப் புதிதாக நகர்த்த வேண்டும், பிறகு பிரேக்கில் அது வீணாகும். நெடுஞ்சாலையில் காற்று. கூரைமேல் காலி கேரியர் இருந்தால் நீண்ட பயணத்துக்கு முன் கழற்றிவிடுங்கள்.