அவள் நோட்டைப் பார்த்தீர்களா?

போன வாரம் மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த ஒரு தந்தையின் கையில் வழவழப்பான ஒரு கையேடு இருந்தது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் பயிற்சி, இரண்டு வருடம், கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்கிற கட்டணம். மகள் பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்திருக்கிறாள். "எப்போது பார்த்தாலும் அரசியல்வாதிகள் பேட்டியையே பார்க்கிறாள். டிவியில் முகம் தெரிந்தால் குடும்பத்துக்கே பெருமை, இதில் சேர்த்துவிடு என்று இவள் மாமா சொல்கிறார். பணம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

நான் பெண்ணிடம் அவள் மடியில் வைத்திருந்த நோட்டைக் கேட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: கேட்டது, சொன்னது, குறிப்பு. கேட்டது, "விசாரணை அறிக்கை எப்போது வெளியாகும்?" சொன்னது, "மக்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்." குறிப்பில் சிவப்பு மையில்: "தேதி வரவில்லை. மறுபடி கேட்டதும் முந்தைய ஆட்சிக்குப் போய்விட்டார்." அதற்கும் கீழே: "பேட்டி எடுப்பவர் இங்கே இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டுவிட்டார். சுலபமானதற்கு மட்டும் பதில் வந்தது."

அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். கேட்டவரின் பிழையை இந்த வயதில் பிடிப்பவர்கள் அபூர்வம்.

சரி, உங்களிடம் நேராகவே சொல்கிறேன் ஐயா. அந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். உச்சரிப்பு, ஒப்பனை, கேமரா முன் நிற்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். உங்கள் மகளிடம் செல்பேசியை நீட்டி ஒரு நிமிடம் பேசு என்றேன், சுருங்கிப்போனாள். நோட்டைப் பற்றிக் கேட்டதும் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். அவள் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு பேட்டிக்குப் பின்னால் ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பெயரை யாரும் கவனிப்பதில்லை. விருந்தினர் அந்த விஷயத்தைப் பற்றி முன்பு எங்கெங்கே என்னென்ன பேசினார் என்று தேடி, தேதிவாரியாக அடுக்குவது அவர் வேலை. சட்டமன்ற, நாடாளுமன்றப் பதிவுகள், தணிக்கை அறிக்கைகள், தேர்தல் வாக்குறுதிகள், நீதிமன்ற ஆவணங்கள் எல்லாம் படிக்க வேண்டும். அதிலிருந்து நழுவ இடம் கொடுக்காத கேள்வியைச் செதுக்க வேண்டும். ஒரு கேள்வியில் ஒரே விஷயம், முடிந்தால் ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடியதாக. அப்புறம்தான் உண்மையான வேலை. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வார் என்று தெரிந்ததுதான். எந்தக் கொட்டைப்பாக்கு என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். 'வழக்கு நிலுவையில் இருக்கிறது' என்றால் அடுத்து எதைக் கேட்பது, கேள்வியையே குறை சொன்னால் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் தயாராக வேண்டும். நேரலையில் நேரத்தைக் கடத்தினாலே அரசியல்வாதிக்கு வெற்றி. கேட்பவர் தாளைத் தேடும் நொடிகளும் அவருக்கே லாபம்.

1977-இல் பிரிட்டன் தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃபிராஸ்ட் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் நிக்சனைப் பேட்டி எடுத்தது ஊர் அறிந்த கதை. நிக்சனும் அவருடைய உதவியாளர் கோல்சனும் பேசிய, அதுவரை வெளிவராத உரையாடல் பதிவைத் தேடி எடுத்தவர் ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர் என்ற ஆய்வாளர். அந்தத் தாள்தான், நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய பகுதியில் அவரைத் திணற வைத்தது. 1997-இல் பிபிசியின் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் 12 முறை கேட்டார்: சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறி உத்தரவிடுவதாக மிரட்டினீர்களா? கடைசிவரை ஆம், இல்லை வரவில்லை. ஆனால் கேள்வி அவ்வளவு துல்லியமாக இருந்ததால், பதில் வரவில்லை என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

உங்கள் மகள் செய்வதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். உளவியலாளர் பீட்டர் புல், 1987 பிரிட்டன் தேர்தலின்போது பிரதமர் தாட்சரும் எதிர்க்கட்சித் தலைவர் கின்னக்கும் அளித்த பேட்டிகளை அலசி, பதில் சொல்லாமல் இருப்பதில் 30 வகைகளைப் பிரித்தார். இவள் தன் பாட்டுக்கு 11 வகை எழுதி வைத்திருக்கிறாள்! ரோஜர்ஸ், நார்ட்டன் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள்: கேள்வியை எழுத்தாகத் திரையில் போட்டாலே, பதில் தடம் மாறுவதைப் பார்வையாளர்கள் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்கள். இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

படிப்புக்கு வருவோம். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய சாதாரணக் கல்லூரி போதும். அரசியல் அறிவியல், பொருளாதாரம், வரலாறு, புள்ளியியல், இதில் எதை அவள் தேர்ந்தெடுத்தாலும் சரி. கூடவே வரவுசெலவு அறிக்கையைப் படிக்கவும், பழைய பதிவுகளைத் தேடவும், கேட்டதைப் பிழையில்லாமல் எழுத்தாக்கவும் பழக வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு, இரவு வேலை உண்டு. மறைக்க மாட்டேன். அதனால்தான் கடன் கூடாது என்கிறேன். தவணை கழுத்தில் இருக்கும் பிள்ளை, சிறிய சம்பளத்தில் நல்ல வேலை கற்றுக்கொள்ளும் வாய்ப்பை ஏற்க முடியாது. இந்தத் திறமை செய்தி அறையோடு நிற்பதும் இல்லை. தகவல் சரிபார்ப்பு, சட்ட ஆய்வு, கொள்கை ஆய்வு எல்லாவற்றிலும் இதே வேலைதான்.

மாமாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள். முன்பணம் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தால் இன்றே வேண்டாம் என்று தெரிவித்துவிடுங்கள். அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: ஏதாவது ஒரு பேட்டியை எடுத்துக்கொண்டு, பதில் வராத ஐந்து இடங்களில் தான் என்ன கேட்டிருப்பாள் என்று எழுத வேண்டும், ஆதாரத்தோடு. ஒரு மாதம் ஆகும். அதுவரை அவள் பேட்டி பார்ப்பதை யாரும் தடுக்க வேண்டாம்.