அதிபர் ஆட்சிமுறை கேள்வி பதில்: யாரை யார் நீக்க முடியும்?

கேள்வி: அதிபர் ஆட்சியில் தேசிய அரசு எப்படி அமைகிறது, சார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: மக்கள் அதிபரையும் நாடாளுமன்றத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டுக்கும் குறித்த பதவிக்காலம் உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு நாடாளுமன்றம் அதிபரை இறக்க முடியாது. அதிபரும் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. அமைச்சர்களை அதிபர் நியமிக்கிறார். பதவிப் பெயரைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். யாரை யார் நீக்கலாம் என்று பாருங்கள்.

கேள்வி: அமைச்சர் ஆக எம்.பி.யாக இருக்க வேண்டுமா?

பதில்: அமெரிக்காவில் இருக்கவே கூடாது. 2009இல் வெளியுறவு அமைச்சரானபோது ஹிலாரி கிளின்டன் செனட் பதவியை விட்டு விலகினார். பிரேசிலில் எம்.பி. பதவியை இழக்காமலே அமைச்சராகலாம். அவர் இடத்தில் மாற்று உறுப்பினர் வந்து உட்காருவார்.

கேள்வி: அதிபர் வீட்டோ போட்டால், அதாவது கையெழுத்திட மறுத்துத் தடுத்தால், மசோதா அவ்வளவுதானா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால் வீட்டோ உடையும். பிரேசிலில் கீழவையின் 513 பேரில் 257, செனட்டின் 81 பேரில் 41 போதும். இந்தோனேசியாவில் மசோதா நிறைவேறுவதற்கே அதிபரின் உடன்பாடு வேண்டும். உடன்பட்ட பிறகு அவர் கையெழுத்திடாமல் வைத்திருந்தாலும் 30 நாளில் அது சட்டமாகிவிடும். அமெரிக்காவை வைத்தே எல்லா நாட்டையும் அளக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: பட்ஜெட் நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்களை மூடிவிடுவார்களா?

பதில்: 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்துக் கேட்கிறீர்கள். தென்கொரியாவில் பட்ஜெட் தாமதமானால் முக்கியச் செலவுகளை முந்தைய ஆண்டுக் கணக்குப்படி செய்ய அரசமைப்பிலேயே வழி இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அமெரிக்கா ஒரு நாடுதான்.

கேள்வி: அதிபர் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இலங்கை ஜனாதிபதி கலைக்கிறாரே, ஐயா?

பதில்: அதனால்தான் இலங்கையைத் தூய அதிபர் ஆட்சி என்று நான் சொல்வதில்லை. 1978 அரசமைப்பின்படி ஜனாதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அமைச்சரவைக்குத் தலைவரும் அவரே. ஆனால் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பு, பிரதமரும் இருக்கிறார். இது கலப்பு முறை.

அதே நண்பர்: நிறைவேற்று ஜனாதிபதி முறை என்றுதானே நாங்கள் படித்தோம்? கலப்பு என்றால் அது பிரான்ஸ்.

பதில்: அதிகாரத்தின் அளவை வைத்துப் பேசினால் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் 2001 தேர்தலில் எதிரணி வென்றதும் ஜனாதிபதி சந்திரிகா, எதிரணித் தலைவர் ரணிலைப் பிரதமராக ஏற்க வேண்டியிருந்தது. 2003 நவம்பரில் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுகளைத் தன் கைக்கு எடுத்தார். 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். தேர்தலில் எதிர்க்கட்சி வென்றால் அமெரிக்க அதிபர் தன் அமைச்சர் ஒருவரைக்கூட மாற்ற வேண்டியதில்லை, நாடாளுமன்றத்தைக் கலைக்கவும் வழியில்லை.

இன்னொருவர்: அப்போ 2018?

பதில்: அது இன்னும் தெளிவான சான்று. அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 அன்று கலைப்பு அறிவிப்பு. நாலரை ஆண்டு முடியும் முன் கலைக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு கேட்க வேண்டும் என்று 19ஆம் திருத்தம் சொன்னது. அதனால் டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு செல்லாது என்றது. வழக்கு முழுக்க 'எப்போது கலைக்கலாம்' என்பதைப் பற்றியது. கலைக்கும் அதிகாரமே இல்லாத நாட்டில் இப்படி ஒரு வழக்குக்கு இடமே இல்லை. பெயரை விடுங்கள், யாரை யார் நீக்கலாம் என்று பாருங்கள்.

கேள்வி: அடுத்த தேர்தலில் யார் ஜெயிப்பார்கள்?

பதில்: என் துறை இல்லை. கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: மோசமான அதிபரை இடையில் நீக்க வழியே இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் கடினம். பெரும்பான்மை போய்விட்டது என்பது காரணமாகாது, குற்றம் சாட்ட வேண்டும். அமெரிக்க செனட் இதுவரை எந்த அதிபரையும் நீக்கியதில்லை. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். தென்கொரியாவில் 300 உறுப்பினர்களில் 200 பேர் வாக்களித்தால் அதிபரின் அதிகாரம் உடனே நிறுத்தப்படும். இறுதி முடிவு அரசமைப்பு நீதிமன்றத்தின் கையில். 2024 டிசம்பர் 3 அன்று ராணுவச் சட்டம் அறிவித்த யூன் சுக் யோலுக்கு எதிராக டிசம்பர் 14 அன்று 204 வாக்குகள் விழுந்தன. 2025 ஏப்ரல் 4 அன்று நீதிமன்றம் ஒருமனதாக அவரை நீக்கியது. அந்த நான்கு மாதமும் நாடாளுமன்றம் கலையவில்லை.

கேள்வி: அதிபருக்குக் கோபம் வந்தால் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிடலாமா?

பதில்: மூன்றாவது முறை. முடியாது.

கேள்வி: துணை அதிபரையாவது அதிபர் நீக்கலாமா?

பதில்: மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்றால் முடியாது. பிலிப்பைன்ஸில் துணை அதிபருக்கு மக்கள் தனியாக வாக்களிக்கிறார்கள். 2016இல் டுடெர்டே அதிபரானார், எதிர்முகாமின் லெனி ரோப்ரேடோ துணை அதிபரானார். அமைச்சரவைக் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல முடிந்தது. பதவியைப் பறிக்க முடியவில்லை. ஆறு ஆண்டும் இருந்துவிட்டுத்தான் போனார்.