கனேடியராக இருப்பதில் உங்களுக்குப் பெருமை உண்டா? ஏன்?

உண்டு. தயக்கமில்லாமல் சொல்வேன்.

கேள்வி கேட்டவர் அதற்குக் கீழே இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார். அகதியாகப் போனவர்களுக்குக் கனடாவிடம் நன்றி இருக்கலாம், பெருமை எப்படி வரும், கடவுச்சீட்டின் வசதியைத்தான் பெருமை என்கிறார்களா என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வாழ்க்கையின் பெரும்பகுதியை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கழித்துவிட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கடவுச்சீட்டு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை எண்ணிப் பெருமைப்பட்டதில்லை. ரொக்கி மலைகளும் ஏரிகளும் கண்ணுக்கு விருந்து. அவற்றை இந்த மக்கள் யாரும் உண்டாக்கவில்லை. ஐஸ் ஹாக்கியில் வென்றால் நானும் எழுந்து நின்று கத்துவேன். 2025 பெப்ரவரியில் பொஸ்டனில் கனடா மேலதிக நேரத்தில் அமெரிக்காவை 3-2 என வென்ற இரவில் எங்கள் வீட்டில் ஒருவரும் நேரத்துக்குத் தூங்கவில்லை. அந்த ஆண்டு கனடா அமெரிக்காவின் "51ஆவது மாநிலம்" ஆகட்டும் என்ற பேச்சும் சுங்கவரியும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தபோது, வீட்டு வாசல்களில் கொடிகள் ஏறின. கடையில் ஒரு தக்காளிப் பெட்டியைக்கூட எங்கே விளைந்தது என்று பார்த்துத்தான் எடுத்தோம். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது, இன்னும் தணியவில்லை. ஆனாலும் பிறர் சீண்டியதால் எழும் பெருமை, அவர் ஓய்ந்ததும் அடங்கிவிடும். என்னுடையது அதற்கு முந்தியது.

எந்த உரிமையும் கையில் இல்லாத ஒரு மனிதன் வாசலில் வந்து நிற்கிறான். அவனை இந்த நாடு எப்படி நடத்தியது? ஒரு நாட்டை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். அந்தச் சோதனையில் கனடா கேவலமாகத் தோற்றிருக்கிறது. வேறு நாடுகள் செய்யாததைச் செய்தும் காட்டியிருக்கிறது.

செய்து காட்டியதிலிருந்து தொடங்குகிறேன். 1985 ஏப்ரல் 4ஆம் தேதி கனடாவின் உச்ச நீதிமன்றம் "சிங்" வழக்கில் தீர்ப்பு வழங்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் அகதி அந்தஸ்துக் கேட்டு மறுக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் சீக்கியர்கள். அதுவரை அகதிக் கோரிக்கைகளைக் காகிதத்தில் வாசித்தே முடிவெடுத்தார்கள். கோரியவர் முடிவெடுப்பவரின் முன்னால் வந்து தன் கதையைச் சொல்ல வழியில்லை. அவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதில்தான் முடிவு தங்கியிருக்கிறது என்றால், அவரை நேரில் கேட்காமல் திருப்பி அனுப்பக்கூடாது என்றது நீதிமன்றம். நீதியரசர் பெர்த்தா வில்சன் ஒரு படி மேலே போனார். 1982இல் வந்த கனடிய உரிமைச் சாசனத்தின் ஏழாம் பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் தரும் பாதுகாப்பு, இந்த மண்ணில் கால் வைத்து நிற்கும் எவருக்கும் உண்டு, குடிமகனாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதினார். வில்சனே ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறி வந்தவர், கனடிய உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி. எண்பதுகளின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் வந்து, ஓர் அறையில் மொழிபெயர்ப்பாளரின் பக்கத்தில் அமர்ந்து, ஊரில் நடந்ததைத் தன் வாயால் சொன்ன ஒவ்வொரு ஈழத்தமிழரும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் அமர்ந்திருந்தார். எங்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1986 ஓகஸ்ட் 11. நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையில் சென்ட் ஷொட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், பனிமூட்டத்தில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் அவர்களைக் கண்டார். மீன்பிடியை நிறுத்தினார், ஆட்களை ஏற்றினார், மற்றப் படகுகளையும் உதவிக்கு அழைத்தார். எங்கே இருந்து வந்தீர்கள், பத்திரம் இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் அவருக்குப் பிறகுதான் வந்தன. இந்தியாவிலிருந்து கப்பலேறியதாகச் சொன்னவர்கள் உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. திருப்பி அனுப்பு என்ற குரல்கள் கடுமையாகவே ஒலித்தன. பிரதமர் பிரையன் மல்ரோனி அவற்றுக்குப் பணியவில்லை. அவர்கள் தங்கினார்கள், வேலை தேடினார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அதே 1986இல்தான் அகதிகளுக்கு உதவியவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம் வழங்கும் நான்சன் விருது கனடா மக்களுக்குக் கிடைத்தது. ஒரு நாட்டின் மக்கள் அனைவருக்குமாக அந்த விருது வழங்கப்பட்டது அந்த ஒரு முறைதான். 1979இல் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து மக்கள் கடலில் தத்தளித்தபோது, சாதாரணக் குடிமக்கள் சிலர் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து வரவழைக்கும் திட்டம் உயிர்பெற்றது. 1979, 80 ஆண்டுகளில் வந்த ஏறத்தாழ 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தேவாலயங்களும் அயலவர் குழுக்களும் தங்கள் செலவில் ஏற்றார்கள். இன்றுவரை இந்த வழியில் வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம்.

இந்தத் திட்டத்தை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2016இல் எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சிரியக் குடும்பம் ஒன்றுக்காகக் குழு சேர்த்தபோது நானும் மனைவியும் சேர்ந்துகொண்டோம். குழுவின் பொறுப்பு ஓர் ஆண்டு: வாடகை, சாப்பாடு, உடுப்பு, பள்ளிக்கூடம், மருத்துவர், வங்கிக் கணக்கு, பஸ் பிடிக்கப் பழக்குவது வரை எல்லாம். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தாதி ஒருவர் பல் மருத்துவரைத் தேடிப் பிடித்தார். ஜமேக்காவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தன் பழைய வான் வண்டியில் கட்டில்களை ஏற்றிவந்து, தானே பொருத்தியும் கொடுத்தார். பனிச் சப்பாத்து வாங்கும் பொறுப்பு எனக்கு. அந்த வீட்டு அம்மாவுக்கும் என் மனைவிக்கும் பொதுமொழி கிடையாது. ஆனாலும் பருப்பையும் அரிசியையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் பேசினார்கள். அரசு எங்களைக் கேட்கவில்லை, கட்டாயப்படுத்தவில்லை. அந்நியர்களுக்காக மற்ற அந்நியர்கள் பணம் போட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க ஒரு நாட்டின் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த இடத்தை மக்கள் நிரப்பியும் வருகிறார்கள். கனேடியன் என்று நான் நிமிர்ந்து சொல்லும்போது என் மனதில் இருப்பது அந்தக் குழுதான்.

இனித் தோற்றது. 1914இல் கோமகத்தா மாரு என்ற கப்பல் 376 பேரோடு வன்கூவருக்கு வந்தது. பெரும்பாலும் பஞ்சாபியர், பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரஜைகள். பிறந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் வந்தவரையே ஏற்போம் என்ற விதியைக் காட்டி, இரண்டு மாதம் துறைமுகத்தில் தவிக்கவிட்டு, இருபது சொச்சம் பேரைத் தவிர மற்ற எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவில் இந்தியர் ஏறினால் நேரே கனடாவுக்கு வரக் கப்பலே இல்லை என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியும். சீனர்களிடம் 1885 முதல் தலைவரி வாங்கினார்கள், அதை 500 டொலர் வரை ஏற்றினார்கள், 1923இல் கதவையே அடைத்தார்கள். 1939இல் சென்ட் லூயிஸ் கப்பலில் வந்த யூதர்களுக்கு இடமில்லை என்றார்கள். திரும்பிப் போனவர்களில் 254 பேர் நாஜிகளின் கொடுமையில் இறந்தார்கள். இவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றத்தில் பிரதமர்கள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்கள்: தலைவரிக்கு 2006இல், கோமகத்தா மாருவுக்கு 2016இல், சென்ட் லூயிஸுக்கு 2018இல். மன்னிப்பு செத்தவரை எழுப்பாது என்பார்கள். எழுப்பாதுதான். ஆனால் தன் மக்களைக் கொன்றதை ஒப்புக்கொள்ளவே மறுக்கும் ஓர் அரசிடமிருந்து தப்பி வந்தவனுக்கு, ஒரு பிரதமர் எழுந்து "நாங்கள் செய்தோம்" என்று சொல்வது சிறிய விஷயமாகத் தெரியாது.

2010இல் எம்வி சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது, பெண்களும் குழந்தைகளுமாக எல்லோரையும் தடுத்து வைத்தார்கள். சிலர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். 1986இல் மீனவர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கிய அதே மக்களை இருபத்து நான்கு ஆண்டுகளில் பயங்கரவாதச் சந்தேகத்தோடு வரவேற்றது என் நாடு. "என் நாடு" என்று தெரிந்தே எழுதுகிறேன். குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்றே இதன் வெட்கத்திலும் எனக்குப் பங்கு வந்துவிட்டது. நல்லதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதை வெள்ளைக்காரரின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது.

அதிலும் பெரியது இந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு நடந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக 1,50,000க்கும் அதிகமான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவேயில்லை. மரி சின்க்ளேயர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை வைத்தது. அவற்றில் கடைசியானது குடியுரிமைச் சத்தியத்தைப் பற்றியது. 2021 முதல் புதிய குடிமக்கள் முதற்குடிகள், இனுவிட், மேட்டிஸ் ஆகிய பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் மதிப்பதாகச் சொல்லித்தான் சத்தியம் எடுக்கிறார்கள். மொழிக்காக இவ்வளவு இழந்த நாங்கள் இந்த வரலாற்றை யாரையும்விட முதலில் புரிந்துகொள்ள வேண்டியவர்கள். ஸ்காபரோ தமிழர்களிடம் அந்த அக்கறை போதாது என்பது என் குறை. எங்கள் பிள்ளைகள் தேவலை. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகளை நினைத்து செப்டம்பர் 30ஆம் தேதி செம்மஞ்சள் சட்டை ஏன் போடுகிறோம் என்பதை என் மகள்தான் தன் அம்மம்மாவுக்குத் தமிழில் விளக்கினாள்.

வேலை விஷயத்திலும் இந்த நாடு எங்களைப் படுத்தியது. ஊரில் கணித ஆசிரியராக இருந்த என் சித்தப்பா இங்கே பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தே ஓய்வுபெற்றார். போன இடமெல்லாம் "கனேடிய அனுபவம் இருக்கிறதா" என்று கேட்டார்கள். அந்த நிபந்தனை பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இல் சொன்னது. வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பதைத் தடுக்கும் சட்டத்தை மாகாணம் 2024இல் நிறைவேற்றியது. சித்தப்பாவுக்குக் காலம் கடந்துவிட்டது. மாற்றியவர்கள் அவரைப் போன்றவர்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும்தான். முறையிட்டால் ஒருநாள் விதி மாறும் என்ற நம்பிக்கையை நான் பிறந்த நாடு எனக்குத் தந்ததில்லை.

மருத்துவத்தைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962இல் சஸ்காச்சுவான் மாகாணம் மருத்துவர்களின் வேலைநிறுத்தத்தையும் தாங்கிக்கொண்டு எல்லோருக்குமான மருத்துவக் காப்புறுதியைக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த டொமி டக்ளஸ், அந்த மாகாணத்தின் முன்னாள் முதல்வர், சிறுவயதில் இலவச அறுவைச் சிகிச்சையால் கால் தப்பியவர். இன்று அவசரப் பிரிவில் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, குடும்ப மருத்துவர் கிடைப்பது அரிது. இது கண்டிக்க வேண்டிய நிலை. ஆனால் என் தாயின் இதய அறுவைச் சிகிச்சைக்கு வீட்டை விற்க வேண்டி வரவில்லை.

ஈழத்தை மறந்துவிட்டுத்தான் கனேடியரானீர்களா என்று சிலர் கேட்பார்கள். 2009 மே 10ஆம் தேதி ஆயிரக்கணக்கான தமிழர்கள் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி அமர்ந்தார்கள். நானும் அமர்ந்தேன். முல்லைத்தீவில் ஒரு சிறிய நிலத்துண்டுக்குள் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. நகரத்தில் பலருக்கு எங்கள் மேல் கடுங்கோபம். பயணம் தடைப்பட்டவர்களின் எரிச்சல் எனக்குப் புரிந்தது. தள்ளுவண்டிகளில் குழந்தைகள் இருந்தார்கள். போலீசார் சுற்றி நின்றார்கள், சுடவில்லை. நள்ளிரவில் இறங்கி வீட்டுக்குப் போனோம். அன்று கொழும்பில் ஒரு தமிழன் அப்படி அமர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2022இல் கனடிய நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. ஊரின் துயரத்தைச் சொல்ல எனக்குக் குரல் கிடைத்தது இந்த நாட்டின் குடிமகனாக நின்றபோதுதான். ஒன்றுக்காக மற்றதை விடவேண்டிய நிலை எனக்கு ஒருநாளும் வரவில்லை.

இப்போது என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் மத்திய அரசு, ஐந்து பேர் சேர்ந்து ஸ்பொன்சர் செய்யும் குழுக்களிடமிருந்து புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்தி வைத்தது. தேங்கிக் கிடக்கும் விண்ணப்பங்கள் அதிகம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தேக்கம் உண்மைதான். அதைத் தீர்க்க அதிகாரிகளைக் கூட்ட வேண்டும், விரைவாகப் பார்க்க வேண்டும். 1979இலிருந்து இந்த நாடு உலகத்துக்குக் காட்டி வந்த வழியையே மூடுவது தவறு. வீடு கிடைக்காத நெருக்கடியில் குடியேற்றத்தின் மேல் மக்களுக்கு எரிச்சல் வளர்ந்திருப்பதையும் நான் பார்க்கிறேன். ஆனால் இந்தக் குடும்பங்களின் வாடகையைக் குழுக்களே கட்டுகின்றன. எங்கள் குழு நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் போய் இதைச் சொன்னது, எழுத்திலும் கொடுத்தது. பதில் வந்தது, திருப்தியாக இல்லை. மறுபடி எழுதியிருக்கிறோம். உங்கள் தொகுதியிலும் எழுதுங்கள்.